ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டில் ஹைட்ராலிக் அமைப்பு: வரலாறும் கோளாறு கண்டறிதலும்

ஹெலிகாப்டரின் ஹைட்ராலிக் கட்டுப்பாட்டு அமைப்பு என்பது, விமானியின் கை, கால் அசைவுகளை எண்ணெய் அழுத்தத்தின் துணையோடு சுழலியின் இறக்கைகளுக்குக் கொண்டுசெல்லும் இயந்திர ஏற்பாடு ஆகும். உலங்கு வானூர்தி என்றும் அழைக்கப்படும் ஹெலிகாப்டர், 1940களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தபோது இவ்வமைப்பு அதில் இல்லை. விமானியின் தசை வலிமை மட்டுமே சுழலியைக் கட்டுப்படுத்தியது. எடையும் வேகமும் கூடியபோது அந்த வலிமை போதாமல் போனது. ஹைட்ராலிக் உதவி வந்த பிறகு பெரிய ஹெலிகாப்டர்கள் சாத்தியமாயின. ஆனால் அந்த உதவி திடீரென்று நின்றாலோ, தவறான திசையில் செயல்பட்டாலோ, அதன் எல்லையை எட்டினாலோ என்ன ஆகும் என்ற கேள்வியும் உடன் வந்தது. இத்துறையின் வரலாற்றின் பெரும்பகுதி அக்கேள்விக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

கட்டுப்பாட்டு விசையின் தோற்றம்

ஹெலிகாப்டர் விமானியிடம் மூன்று கட்டுப்பாடுகள் உள்ளன. இடது கையில் உள்ள கலெக்டிவ் நெம்புகோல் எல்லா இறக்கைகளின் கோணத்தையும் ஒரே அளவில் கூட்டிக் குறைக்கிறது. இதனால் ஹெலிகாப்டர் ஏறி இறங்குகிறது. வலது கையில் உள்ள சைக்ளிக் தண்டு, இறக்கைகள் ஒரு சுற்றுச் சுற்றும்போது இடத்துக்கு இடம் அவற்றின் கோணத்தை மாற்றுகிறது. இதனால் சுழலியின் தளம் சாய்ந்து, ஹெலிகாப்டர் அத்திசையில் நகர்கிறது. காலடியில் உள்ள பெடல்கள் வால் சுழலியின் இறக்கைக் கோணத்தை மாற்றி மூக்கை இடவலமாகத் திருப்புகின்றன. கலெக்டிவ், சைக்ளிக் ஆகிய இரண்டின் அசைவுகளும் சுவாஷ் பிளேட் எனப்படும் சாய்தட்டில் ஒன்றுசேர்கின்றன. இத்தட்டின் கீழ்ப்பாதி சுழலாது; மேற்பாதி சுழலியோடு சேர்ந்து சுழலும். மேற்பாதியிலிருந்து செல்லும் இணைப்புத் தண்டுகள் இறக்கைகளின் கோணத்தைத் திருப்புகின்றன.

இறக்கைகள் இந்த அசைவுக்கு எளிதில் இணங்குவதில்லை. சுழலும் இறக்கையின் நிறை, மையவிலக்கு விளைவால் இறக்கையைத் தட்டையான நிலைக்குத் திருப்ப முயல்கிறது. இறக்கையின் மீது பாயும் காற்று தன் பங்குக்கு ஒரு முறுக்கு விசையைத் தருகிறது. முன்னோக்கிப் பறக்கும்போது ஒரு பக்கத்து இறக்கை காற்றை எதிர்த்தும் மறுபக்கத்து இறக்கை காற்றோடு பின்வாங்கியும் செல்வதால், இவ்விசை ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குகிறது. தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் இணைப்புத் தண்டுகள் வழியாகக் கீழிறங்கி விமானியின் கைக்கு வந்து சேரும். தொடக்ககால வடிவமைப்பாளர்கள் மேலும் கீழும் ஒரே வளைவு கொண்ட சமச்சீர் இறக்கை வடிவங்களை விரும்பியதற்கு ஒரு காரணம், அவற்றில் காற்று தரும் முறுக்கு விசை குறைவாக இருந்ததே ஆகும்.

ஹைட்ராலிக்குக்கு முந்தைய தீர்வுகள்

சுழலி கொண்ட வானூர்திகளில் முதல் பெரும் சிக்கலைத் தீர்த்தவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டி லா சியர்வா. அவருடைய முதல் ஆட்டோஜைரோக்கள் பறக்க முயன்றபோது பக்கவாட்டில் கவிழ்ந்தன. இறக்கைகளை மேலும் கீழும் அசையவிடும் கீல்களால் பொருத்திய பிறகு, 1923 ஜனவரியில் அவருடைய சி.4 வெற்றிகரமாகப் பறந்தது. காற்று தரும் சமனற்ற விசையை எதிர்த்து நிற்காமல், அதற்கு இடம் கொடுத்துச் சமாளிக்கும் அந்தக் கொள்கை பின்னாளைய ஹெலிகாப்டர்கள் அனைத்துக்கும் அடிப்படை ஆயிற்று.

இகோர் சிகோர்ஸ்கியின் விஎஸ்-300 ஹெலிகாப்டர் 1939 செப்டம்பர் 14 அன்று கயிற்றால் கட்டப்பட்ட நிலையிலும், 1940 மே 13 அன்று கட்டின்றியும் பறந்தது. அதிலிருந்து உருவான ஆர்-4, 1942 ஜனவரி 14 அன்று முதலில் பறந்தது. பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் அமெரிக்க ஹெலிகாப்டர் இதுவாகும். இதன் சைக்ளிக் தண்டு பறக்கும் நேரம் முழுவதும் விமானியின் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. நீண்ட நேரம் பறப்பது உடல் உழைப்பாகவே கருதப்பட்டது.

இதற்கு மூன்று அமெரிக்க வடிவமைப்பாளர்கள் மூன்று வகையான இயந்திரத் தீர்வுகளைக் கண்டனர். ஆர்தர் யங், பெல் நிறுவனத்தின் ஹெலிகாப்டரில் சுழலிக்குக் குறுக்காக, இரு முனைகளிலும் எடை கொண்ட ஒரு நிலைநிறுத்துத் தண்டைப் பொருத்தினார். சுழலும் பம்பரம் தன் அச்சை விட்டு எளிதில் விலகாததைப் போல, இத்தண்டும் சுழலியை நிலைப்படுத்தியது. இந்த வடிவமைப்பில் உருவான பெல் 47, 1946 மார்ச் 8 அன்று உலகின் முதல் குடிமைப் பயன்பாட்டு ஹெலிகாப்டர் சான்றிதழைப் பெற்றது. ஸ்டான்லி ஹில்லர், சுழலியின் குறுக்கே துடுப்பு போன்ற இரு சிறு இறக்கைகளை வைத்தார். விமானி அச்சிறு இறக்கைகளைத் திருப்ப, அவை பெரிய சுழலியைச் சாய்த்தன. சார்லஸ் காமன், ஒவ்வொரு இறக்கையின் பின்விளிம்பிலும் ஒரு சிறு மடலை அமைத்தார். விமானி மடலை அசைத்தால் போதும்; காற்றே இறக்கையை முறுக்கிக் கொடுக்கும்.

இவை மூன்றும் காற்றின் விசையையோ சுழற்சியையோ கொண்டே கட்டுப்பாட்டை எளிதாக்கின. காமனின் முறை நீண்ட காலம் நிலைத்தது. 1991-இல் முதலில் பறந்த கே-மேக்ஸ் என்னும் பாரம் தூக்கும் ஹெலிகாப்டர், தன் எடையை விட அதிகமான பாரத்தைத் தூக்கக்கூடியதாக இருந்தும், கட்டுப்பாட்டுக்கு ஹைட்ராலிக் அமைப்பு இல்லாமலே இயங்குகிறது.

செர்வோவின் வருகை

இயந்திர வலிமையைக் கொண்டு மனித அசைவைப் பெருக்கும் கருத்து ஹெலிகாப்டருக்கு மிகவும் முந்தையது. பெரிய நீராவிக் கப்பல்களின் சுக்கானைத் திருப்ப மனித வலிமை போதாமல் போனபோது, 1860களில் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலுக்கு மெக்ஃபார்லேன் கிரே நீராவியால் இயங்கும் சுக்கான் இயந்திரத்தை அமைத்தார். பிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் ஃபார்கோ 1873-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய இயந்திரத்துக்கு ‘செர்வோ மோட்டார்’ என்று பெயரிட்டார். அடிமை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. தலைவன் எவ்வளவு அசைகிறானோ அவ்வளவே அடிமையும் அசைய வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஹெலிகாப்டரின் செர்வோவும் இவ்வாறே செயல்படுகிறது. ஓர் உருளைக்குள் ஒரு பிஸ்டன் உள்ளது. விமானி தண்டை அசைக்கும்போது, அந்த அசைவு நேராகச் சுழலிக்குப் போகாமல் முதலில் ஒரு சிறு வால்வைத் திறக்கிறது. அழுத்தமுள்ள எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கத்தில் நுழைந்து அதை நகர்த்துகிறது. செர்வோ நகர நகர, அந்த நகர்வே வால்வை மீண்டும் மூடுகிறது. விமானி நிறுத்திய இடத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. ‘பின்னூட்டம்’ எனப்படும் இந்த மூடும் செயல்தான் செர்வோவின் உயிர்நாடி. அது அறுந்தால், திறந்த வால்வு திறந்தபடியே இருக்க, பிஸ்டன் தன் கடைசி எல்லை வரை ஓடிவிடும்.

எண்ணெய் அழுத்தம் தரும் வலிமை பெரியது. எடுத்துக்காட்டாக, 40 பார் அழுத்தத்தில் 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு பிஸ்டன் ஏறத்தாழ 400 கிலோ எடையைத் தாங்கும் விசையைத் தரும். அதைத் திறந்துவிட விமானிக்கு விரல்களின் வலிமை போதும். சுழலியின் அதிர்வையும் இடையில் உள்ள எண்ணெய் தாங்கிக்கொள்வதால், அது தண்டு வரை வருவதில்லை.

1950களில் ஹைட்ராலிக் உதவி பரவலாயிற்று. பெல் 47-இன் பிந்தைய மாதிரிகளிலும் அது சேர்க்கப்பட்டது. 1954-இல் முதலில் பறந்த சிகோர்ஸ்கி எஸ்-58 போன்ற பெரிய ஹெலிகாப்டர்களில், ஹைட்ராலிக் இல்லாமல் பறப்பது நடைமுறையில் இயலாது என்ற நிலை உருவானது. எனவே அவற்றில் முதன்மை அமைப்பு, துணை அமைப்பு என இரு தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் வைக்கப்பட்டன. சோவியத் ஒன்றியத்தில் 1961-இல் முதலில் பறந்த மி-8 ஹெலிகாப்டரிலும் முதன்மை, மாற்று என இரண்டு அமைப்புகள் உள்ளன.

ஒற்றை அமைப்பும் இரட்டை அமைப்பும்

சிறிய ஹெலிகாப்டர்களில் நிலை வேறு. அவற்றின் சுழலி விசை, ஹைட்ராலிக் நின்றாலும் ஒரு மனிதன் சிரமப்பட்டுச் சமாளிக்கக்கூடிய எல்லைக்குள் இருந்தது. அமெரிக்காவின் சிறிய ஹெலிகாப்டர்களுக்கான வானூர்தித் தகுதி விதி 27.695, ஆற்றல் உதவியுடன் இயங்கும் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு கோளாறு நேர்ந்தாலோ எல்லா எஞ்சின்களும் நின்றாலோ, பாதுகாப்பாகத் தொடர்ந்து பறந்து தரையிறங்க உடனடி மாற்று வழி இருக்க வேண்டும் என்கிறது. அந்த மாற்று வழி இரண்டாவது ஹைட்ராலிக் அமைப்பாகவும் இருக்கலாம். மனிதக் கையால் இயங்கும் இயந்திர இணைப்பாகவும் இருக்கலாம். எடையையும் விலையையும் குறைக்க விரும்பிய சிறு ஹெலிகாப்டர் தயாரிப்பாளர்கள் பலரும் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தனர்.

1966-இல் முதலில் பறந்த பெல் 206 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 600 பவுண்டு அழுத்தத்தில் இயங்கும் ஒரே அமைப்பு அதில் உள்ளது. பெரிய பயணிகள் விமானங்களில் வழக்கமான அழுத்தம் 3,000 பவுண்டு. இதன் எண்ணெய்ப் பம்பை எஞ்சின் நேரடியாகச் சுழற்றுவதில்லை. முதன்மைச் சுழலியின் கியர்பாக்ஸ் சுழற்றுகிறது. எஞ்சின் நின்று, காற்றின் விசையால் மட்டும் சுழலி சுற்றியபடி இறங்கும்போதும் ஹைட்ராலிக் தொடர்ந்து வேலை செய்வதற்காகவே இந்த ஏற்பாடு. விமானி ஹைட்ராலிக்கை நிறுத்தும் மின்வால்வும் இதே நோக்கில் அமைக்கப்பட்டுள்ளது. மின்சாரம் பாய்ந்தால்தான் அது அழுத்தத்தைத் துண்டிக்கும். மின்சாரம் முழுவதும் போனால் ஹைட்ராலிக் இயங்கும் நிலையிலேயே இருக்கும்.

ராபின்சன் நிறுவனத்தின் இரு இருக்கை ஆர்22 ஹெலிகாப்டர் 1979-இல் ஹைட்ராலிக் இல்லாமலே சான்று பெற்றது. அதன் பெரிய வடிவமான நான்கு இருக்கை ஆர்44-உம் தொடக்கத்தில் அவ்வாறே இருந்தது. பிந்தைய மாதிரிகளில் ஹைட்ராலிக் உதவி சேர்க்கப்பட்டது.

எக்யுரோயும் செர்வோ டிரான்ஸ்பரன்சியும்

ஒற்றை ஹைட்ராலிக் அமைப்பின் வசதியையும் வரம்பையும் ஒருசேரக் காட்டும் ஹெலிகாப்டர் பிரான்சின் ஏஎஸ்350 எக்யுரோய் ஆகும். பிரெஞ்சு மொழியில் இப்பெயருக்கு அணில் என்று பொருள். ஏரோஸ்பேசியல் நிறுவனம் உருவாக்கிய இது 1974 ஜூன் 27 அன்று முதலில் பறந்தது. இதன் பி3 மாதிரி 2005 மே 14 அன்று எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் தரையிறங்கியது.

இதன் முந்தைய மாதிரிகளில் ஏறத்தாழ 40 பார் அழுத்தத்தில் இயங்கும் ஒரே ஹைட்ராலிக் அமைப்பு உள்ளது. பம்பை ஒரு பெல்ட் சுழற்றுகிறது. முதன்மைச் சுழலியின் மூன்று செர்வோக்களிலும் நைட்ரஜன் நிரப்பிய சிறு அழுத்தச் சேமிப்புக் கலன்கள் உள்ளன. பெல்ட் அறுந்தாலோ பம்பு நின்றாலோ, இக்கலன்களில் உள்ள அழுத்தம் சிறிது நேரம் செர்வோக்களை இயக்கும். அந்த நேரத்துக்குள் விமானி வேகத்தைக் குறைத்து, கட்டுப்பாட்டு விசை தாங்கக்கூடிய நிலைக்கு வர வேண்டும். பிறகு கலெக்டிவில் உள்ள துண்டிப்பு சுவிட்சை அழுத்த வேண்டும். மூன்று கலன்களும் வெவ்வேறு நேரத்தில் காலியானால் ஒரு திசையில் தண்டு இலகுவாகவும் மறுதிசையில் கனமாகவும் இருக்கும் என்பதால், மூன்றையும் ஒரே நேரத்தில் காலியாக்கவே இந்தச் சுவிட்ச் உள்ளது. உதவியை வேண்டுமென்றே முழுவதும் துறப்பது, அரைகுறை உதவியை நம்புவதை விடப் பாதுகாப்பானது என்பது இந்நடைமுறையின் உட்பொருள்.

எக்யுரோயின் மற்றொரு இயல்பு கோளாறே இல்லாதபோது வெளிப்படுவது. சுழலியிலிருந்து வரும் விசை, செர்வோ தரக்கூடிய உச்ச விசையை விஞ்சும்போது செர்வோ பின்வாங்கத் தொடங்கும். சுழலியின் விசை நேரடியாக விமானியின் கையை வந்தடையும். விமானிக்கும் சுழலிக்கும் நடுவே செர்வோ இல்லாததைப் போலத் தோன்றுவதால் இது ‘செர்வோ டிரான்ஸ்பரன்சி’ எனப்படுகிறது. ‘ஜாக் ஸ்டால்’ என்பதும் இதையே குறிக்கும். அதிக வேகம், அதிக எடை, அதிகக் கலெக்டிவ், கூர்மையான திருப்பம், அடர்த்தி குறைந்த காற்று ஆகியவை சேரும்போது இது நிகழும்.

மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் எக்யுரோயின் சுழலியில், மிகுந்த சுமையைத் தாங்குவது வலது செர்வோ. அது முதலில் தளர்வதால் சைக்ளிக் தண்டு வலப்பக்கமாகவும் பின்னாகவும், கலெக்டிவ் கீழ்நோக்கியும் நகர முயலும். ஹெலிகாப்டர் மூக்கை உயர்த்தி வலப்புறம் சாயும். உயரம் போதுமானதாக இருந்தால் இந்த இயக்கமே வேகத்தையும் சுமையையும் குறைத்துவிடும்; நிகழ்வு தானாக அடங்கும். தரைக்கு அருகில், வலது திருப்பத்தில் இது நேர்ந்தால் அடங்கும் வரை காத்திருக்க இடம் இருக்காது. தண்டு இறுகிவிட்டது என்று எண்ணி விமானி பலமாக இடப்பக்கம் தள்ளினால், செர்வோ மீளும் கணத்தில் அந்தத் தள்ளல் முழுவதும் சுழலியை அடைந்து, ஹெலிகாப்டர் இடப்புறமாகத் துள்ளும். தண்டோடு போராடாமல் கலெக்டிவைக் குறைத்துச் சுமையைத் தணிப்பதே சரியான வழி. தயாரிப்பு நிறுவனம் 2003-இல் இதுபற்றி ஒரு சேவைக் கடிதத்தை வெளியிட்டது. கார் பந்தய உலகச் சாம்பியன் கொலின் மெக்ரே 2007 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் உயிரிழந்த விபத்தின் விசாரணையிலும் இந்நிகழ்வு ஆராயப்பட்டது. அவ்விபத்தின் காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை.

கோளாறு கண்டறியும் முறை

ஹைட்ராலிக் கோளாறுகளைக் கண்டறிவதில் முதல் கேள்வி, சிக்கல் எல்லாக் கட்டுப்பாடுகளிலும் உள்ளதா, ஒன்றில் மட்டும் உள்ளதா என்பதே. எல்லாம் ஒரே நேரத்தில் கனத்தால் காரணம் பொதுவான இடத்தில் இருக்கும்: பம்பு, அதைச் சுழற்றும் பெல்ட் அல்லது அச்சு, எண்ணெய் அளவு, அடைபட்ட வடிகட்டி, மின்வால்வு. ஒரு திசை மட்டும் கனத்தால் அத்திசைக்குரிய செர்வோவையும் அதன் இணைப்புத் தண்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு கருவியின் அறிகுறி மற்றொன்றை உறுதிப்படுத்தும். பெல் 206-இல் முதன்மைச் சுழலியின் வேகத்தை அளக்கும் மின்னாக்கி, ஹைட்ராலிக் பம்போடு சேர்ந்தே சுழல்கிறது. ஆகவே கட்டுப்பாடுகள் கனத்து, அதே கணத்தில் சுழலி வேகமானியின் முள்ளும் சுழிக்கு விழுந்தால், சுழலி நிற்கவில்லை, பம்பைச் சுழற்றும் அச்சுதான் முறிந்துள்ளது என்று அறியலாம். முள் சரியாக இருந்து கட்டுப்பாடு மட்டும் கனத்தால் எண்ணெய்க் கசிவையோ மின்வால்வையோ ஐயுறலாம். மின்வால்வு தவறான மின்சாரத்தால் துண்டிக்கப்பட்டிருந்தால், அதன் மின்தடை விசையை வெளியே இழுத்தால் ஹைட்ராலிக் மீண்டுவிடும்.

எச்சரிக்கை ஒலிகளிலும் குழப்பம் நேரலாம். எக்யுரோயில் ஹைட்ராலிக் அழுத்தம் குறைந்தாலும், சுழலியின் வேகம் குறைந்தாலும் ஒலிப்பது ஒரே ஊதல்தான். முதலாவதற்குச் செய்ய வேண்டியது வேகத்தை நிதானமாகக் குறைப்பது. இரண்டாவதற்குச் செய்ய வேண்டியது கலெக்டிவை உடனே இறக்குவது. ஒலியை மட்டும் நம்பாமல், எந்த விளக்கு எரிகிறது, எந்த முள் இறங்கியுள்ளது என்பதையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டியுள்ளது.

தரையில் நடக்கும் சோதனையில் எண்ணெயே பல செய்திகளைத் தரும். சிறிய ஹெலிகாப்டர்களில் வழக்கமாகப் பயன்படும் கனிம எண்ணெய் சிவப்பு நிறமுடையது. பெரிய பயணிகள் விமானங்களில் பயன்படும் பாஸ்பேட் எஸ்டர் திரவம் ஊதா நிறமுடையது. ஒன்றுக்கான ரப்பர் முத்திரைகள் மற்றொன்றில் ஊறிக் கெட்டுவிடும் என்பதால் நிறத்தைப் பார்த்து உறுதிசெய்வது அடிப்படை விதி. எண்ணெய் கருத்திருந்தால் அது அதிகம் சூடாகியுள்ளது. நுரைத்திருந்தால் காற்று புகுந்துள்ளது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். எனவே காற்று புகுந்த அமைப்பில் செர்வோவின் இயக்கம் பஞ்சு போலத் தளர்ந்து, விட்டுவிட்டு நிகழும். வடிகட்டியில் உலோகத் துகள்கள் கிடைத்தால் பம்பு தேய்கிறது என்று பொருள். மிக நுண்ணிய துகளும் வால்வின் நெருக்கமான இடைவெளியில் சிக்கி, செர்வோவை ஒரே திசையில் ஓட வைக்கக்கூடும்.

ஒவ்வொரு அதிர்வும் ஹைட்ராலிக் கோளாறு அல்ல. ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் அதிர்வு பெரும்பாலும் இறக்கைகளின் சமநிலைக் குறைவாலோ, அவை ஒரே தளத்தில் ஓடாததாலோ வருவது. செர்வோவை மாற்றினால் அது தீராது. தண்டின் மெதுவான இறுக்கம், உராய்வுத் திருகு அதிகம் முறுக்கப்பட்டிருப்பதாலும் வரலாம்.

ஹைட்ராலிக் கோளாறு போலத் தோன்றும் இயல்புகள்

சில பறத்தல் இயல்புகள் இயந்திரக் கோளாறைப் போலத் தோன்றி விமானியைத் தவறான செயலுக்குத் தூண்டுகின்றன. அதிவேகத்தில், பின்வாங்கும் இறக்கை போதுமான ஏற்றுவிசை தராமல் தளரும்போது மூக்கு உயர்ந்து ஹெலிகாப்டர் ஒருபுறம் சாயும். இது செர்வோ டிரான்ஸ்பரன்சியை ஒத்தது. நல்வாய்ப்பாக, சுமையைக் குறைப்பதே இரண்டுக்கும் தீர்வு.

தராசு போல ஆடும் இரு இறக்கைச் சுழலிகளில் வேறொரு ஆபத்து உண்டு. மூக்கைத் திடீரெனத் தாழ்த்தினால் உடல் எடையற்றதைப் போல ஆகும் நிலையில், சுழலி ஹெலிகாப்டரின் உடலைக் கட்டுப்படுத்தும் வலிமையை இழக்கிறது. வால் சுழலியின் விசையால் உடல் வலப்புறம் உருளத் தொடங்கும். இயல்பான கை உணர்வு தண்டை இடப்புறம் தள்ளச் சொல்லும். அப்படித் தள்ளினால் சுழலியின் மையப்பகுதி அச்சுத்தண்டில் மோதி அதை முறித்துவிடக்கூடும். முதலில் தண்டை மெல்லப் பின்னிழுத்து சுழலிக்குச் சுமையைத் திரும்பத் தருவதே சரியானது. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்கக் கூட்டாட்சி வானூர்தி நிர்வாகம் 1995-இல் ஆர்22, ஆர்44 விமானிகளுக்குச் சிறப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

குறைந்த வேகத்தில் சில திசைகளிலிருந்து காற்று வீசும்போது வால் சுழலி பயனிழந்து மூக்கு தானாகச் சுழலத் தொடங்குவதும் உண்டு. பெடல் இணைப்பு அறுந்துவிட்டதாக விமானி நினைக்கலாம். உண்மையில் இணைப்பு நன்றாகவே இருக்கும். முழு எதிர்ப் பெடலை விடாமல் பிடித்தபடி முன்வேகத்தைக் கூட்டினால் கட்டுப்பாடு மீளும்.

பாடமாக அமைந்த விபத்துகள்

2011 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் அருகே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஏஎஸ்350 பி2 விழுந்து, விமானியும் நான்கு பயணிகளும் இறந்தனர். முந்தைய நாள்தான் அதற்கு 100 மணிநேரப் பராமரிப்பு நடந்து, முன்பின் அசைவுக்குரிய செர்வோ மாற்றப்பட்டிருந்தது. அந்தச் செர்வோவுக்கு விமானியின் அசைவைக் கொண்டுசெல்லும் தண்டு கழன்றிருந்ததைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. தேய்ந்த தன்பூட்டு நட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டதும், அது கழலாமல் தடுக்கும் பிளவு ஊசி சரியாகப் பொருத்தப்படாததும், பின்னர் நடந்த ஆய்வு போதாமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. பராமரிப்புப் பணியாளர்களின் களைப்பும் பங்களித்தது. இங்கே எண்ணெய் அழுத்தம் குறையவில்லை. செர்வோ வலிமையோடுதான் இருந்தது. அதற்குக் கட்டளை மட்டும் போய்ச் சேரவில்லை. ஹைட்ராலிக் இழப்புக்கான அவசர நடைமுறை எதுவும் இந்நிலையில் பயன்படாது.

2015 ஜூலை 3 அன்று கொலராடோ மாநிலத்தின் ஃபிரிஸ்கோவில், மருத்துவச் சேவையில் இருந்த ஏஎஸ்350 பி3இ புறப்பட்ட சில நொடிகளில் சுழன்று விழுந்தது. விமானி இறந்தார். இந்த மாதிரியில் இரட்டை ஹைட்ராலிக் அமைப்பு இருந்தது. ஆனால் புறப்படுமுன் செய்யும் சோதனை, வால் சுழலிக்கான ஹைட்ராலிக் அழுத்தத்தைக் காலியாக்கிவிடும். சோதனைக்குப் பிறகு அது மீட்கப்படவில்லை. அதை விமானிக்குத் தெளிவாக உணர்த்தும் எச்சரிக்கையும் இல்லை. விசாரணை வாரியம் சோதனை முறையையும் எச்சரிக்கைக் குறைபாட்டையுமே முதன்மைக் காரணங்களாகக் குறிப்பிட்டது. பாதுகாப்புக்காகச் சேர்த்த இரண்டாவது அமைப்பு, தன்னோடு ஒரு புதிய தவறுக்கும் வழிவகுத்தது.

2018 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், கால்பந்து அரங்கிலிருந்து எழுந்த ஏடபிள்யூ169 விழுந்து, அதிலிருந்த ஐவரும் உயிரிழந்தனர். வால் சுழலியின் கோணத்தை மாற்றும் தண்டைத் தாங்கிய தாங்கு உருளை இறுகியதால், சுழலக்கூடாத தண்டு சுழலத் தொடங்கியது. செர்வோவின் பின்னூட்ட இணைப்பு கழன்றது. வால் சுழலியின் இறக்கைகள் தம் எல்லை வரை திரும்பிவிட்டன. பெடல்களால் அதை மீட்க முடியவில்லை. பின்னூட்டம் இழந்த செர்வோ கடைசி எல்லை வரை ஓடும் என்ற பழைய கொள்கை இவ்விபத்தில் துயரமாக மெய்யானது.

இந்தியாவில்

இந்திய வான்படை 1954-இல் சிகோர்ஸ்கி எஸ்-55 ஹெலிகாப்டர்களோடு சுழலி வானூர்திகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. பின்னர் பெங்களூருவில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் பிரெஞ்சு உரிமத்தின் கீழ் சேத்தக், சீத்தா ஹெலிகாப்டர்களைக் கட்டியது. தமிழ்நாட்டில் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி செயல்படுகிறது.

அந்நிறுவனமே வடிவமைத்த துருவ் 1992 ஆகஸ்ட் 20 அன்று முதலில் பறந்தது. கீல்கள் இல்லாத நான்கு இறக்கைச் சுழலியும் இரட்டை ஹைட்ராலிக் அமைப்பும் கொண்டது இது. 2025 ஜனவரி 5 அன்று குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்ததைத் தொடர்ந்து, துருவ் ஹெலிகாப்டர்கள் பறப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. விழுந்த ஹெலிகாப்டரின் சுவாஷ் பிளேட்டில் முறிவு கண்டறியப்பட்டது. ஹைட்ராலிக் அமைப்பை இரட்டிப்பாக்கலாம். ஆனால் எல்லாச் செர்வோக்களின் கட்டளையும் வந்து சேரும் சுவாஷ் பிளேட் ஒன்றுதான் இருக்க முடியும். அதனாலேயே அதன் ஒவ்வொரு பாகத்தின் ஆயுளும் ஆய்வும் சிறப்புக் கவனம் பெறுகின்றன.

மின்வழிக் கட்டுப்பாடு

1995-இல் முதலில் பறந்த ஐரோப்பாவின் என்எச்90, தண்டுகளுக்குப் பதிலாக மின்கம்பிகள் வழியே கட்டளைகளைச் செர்வோக்களுக்கு அனுப்பும் முறையில் உருவானது. இதில் கணினி விமானியின் அசைவைப் படித்து, தேவையான அளவைக் கணக்கிடுகிறது. செர்வோக்களை இயக்குவது இன்னும் ஹைட்ராலிக் அழுத்தமே.

மின்வழி முறையும் பழைய சிக்கலை முற்றாக ஒழிக்கவில்லை. 2016 ஜூலை 6 அன்று டெக்சாஸில் சோதனைப் பறத்தலில் இருந்த பெல் 525 நடுவானில் சிதறி, சோதனை விமானிகள் இருவர் இறந்தனர். சுழலியின் வேகம் குறைந்தபோது எழுந்த கடும் அதிர்வு விமானியின் உடலைக் குலுக்கியது. அவர் கை பற்றியிருந்த கலெக்டிவும் அதோடு அசைந்தது. அந்த அசைவு கட்டளையாகவே சுழலியை அடைந்து அதிர்வை மேலும் வளர்த்தது என்று விசாரணை கண்டறிந்தது. சுழலியின் குலுக்கல் ஆர்-4 விமானியின் கையை இணைப்புத் தண்டுகள் வழியாக எட்டியது. பெல் 525-இல் அது இருக்கையின் வழியாக எட்டியது. இதன் பிறகு, கலெக்டிவ் வழியே வரும் அதிர்வு அசைவுகளை வடிகட்டும் மென்பொருள் மாற்றங்கள் அந்த ஹெலிகாப்டரில் சேர்க்கப்பட்டன.

இன்றும் சிறிய ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை இயந்திரத் தண்டுகளையும் ஹைட்ராலிக் செர்வோக்களையுமே நம்பியுள்ளன. ஹைட்ராலிக் இல்லாமல் பறந்து தரையிறங்குவது அவற்றின் விமானிப் பயிற்சியில் தொடர்ந்து இடம்பெறுகிறது. ஒவ்வொரு பறத்தலுக்கும் முன் ஹைட்ராலிக்கை நிறுத்தி, தண்டு கனப்பதைக் கையால் உணர்ந்து, மீண்டும் இயக்கி, அது இலகுவானதை உறுதிசெய்யும் சோதனையும் வழக்கத்தில் உள்ளது. நிறுத்தியதை மீண்டும் இயக்கியாயிற்றா என்று பார்ப்பது அச்சோதனையின் கடைசிப் படி. 2015-க்குப் பிறகு அந்தப் படி கூடுதல் முக்கியத்துவம் பெற்றுள்ளது.